அடித்தளத்தின் முதல் வாரம்



இன்றைய பேச்சின் பொருள் சூடு. வெயிலின் சூடு இல்லை. தடித்த கான்கிரீட் அடித்தளம் ஒன்றைப் போட்ட முதல் சில நாட்களில் அதன் வயிற்றுக்குள் தானாக ஏறி, தானாக இறங்குகிற சூடு. அது இறங்கும் வேளையில் கான்கிரீட்டில் விழுகிற விரிசல். பொறியியல் நூல்கள் இதைத் தொடக்கநிலை வெப்ப விரிசல் என்கின்றன. மேலே முப்பது மாடி எழும்பப் போகிற கட்டடமாக இருந்தாலும், அதன் அடித்தளம் முழுதாக நிற்குமா, கீறல் விழுந்து நிற்குமா என்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பத்திரப் பதிவு நடந்து, வண்ணம் பூசி, குடி புகுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், கவாய் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே சோழர் பாணியில் கருங்கல்லால் எழுந்த ஒரு சிவாலயம் இருக்கிறது. பெயர் இறைவன் கோயில். அந்தக் கோயிலுக்குரிய ஆதீனத்தை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி அமெரிக்காவில் பிறந்தவர். 1949-இல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றவர். கோயிலை வடிவமைத்தவர், கன்னியாகுமரிக் கடலில் வள்ளுவரை நிறுத்திய அதே கணபதி ஸ்தபதி. கற்கள் பெங்களூரு அருகே உளியால் செதுக்கப்பட்டுக் கப்பலேறிப் போயின. 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கேட்டது ஒரே ஒரு வரம். கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும்!

ஸ்தபதிகளுக்கு இது பழகிய கணக்கு. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டைக் கடந்து இன்றும் நிற்கிறது. கல்லுக்கு ஆயிரம் ஆண்டு பெரிதில்லை. ஆனால் அந்தக் கல்லைத் தாங்கப் போகிற கான்கிரீட்டுக்கு? இன்றைய கட்டடங்களை 50 ஆண்டு, மிஞ்சிப்போனால் 100 ஆண்டு என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு யார் கணக்குப் போட்டுக் கொடுப்பது?

போட்டுக் கொடுத்தவர் பி. குமார் மேத்தா. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கான்கிரீட்டைப் பற்றி அவர் பாலோ மொன்டெய்ரோவுடன் சேர்ந்து எழுதிய பாடநூலைப் படிக்காமல் இந்தியாவில் கட்டடப் பொறியியல் மேற்படிப்பு முடித்தவர்கள் குறைவு. அவர் எடுத்த முதல் முடிவு இந்த அவையில் இருக்கும் கம்பி கட்டுபவர்களுக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். அந்த அடித்தளத்தில் ஒரு கம்பி கூடக் கிடையாது. கம்பி என்றைக்காவது துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் அந்த 'என்றைக்காவது' நிச்சயமாக வந்தே தீரும்.

கம்பி இல்லை என்றால் இன்னொரு தொல்லை. கம்பி இருக்கும் கான்கிரீட்டில் விரிசல் விழுந்தால், கம்பி அதை இழுத்துப் பிடித்து மெல்லிய கீறலாக வைத்திருக்கும். கம்பி இல்லாத கான்கிரீட்டில் ஒரு விரிசல் விழுந்தால் அது வாய் பிளந்து போய்க்கொண்டே இருக்கும். ஆகவே விரிசலே விழக் கூடாது. அது எப்படி முடிந்தது? அதைச் சொல்வதற்கு முன், விரிசல் ஏன் விழுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சிமென்டும் தண்ணீரும் சேர்வது வெறும் ஈரமாதல் இல்லை. அது வெப்பத்தை வெளியிடும் வேதிவினை. ஒரு கிலோ சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், முதல் வாரத்தில் 300 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் விடுகிறது. இந்த எண் மனதில் நிற்காது என்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒரு மூட்டை சிமென்ட் இறுகும்போது விடுகிற வெப்பம், 50 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கட்டடம் முழுதுக்கும் ஒரே பாளமாகப் போடும் ஒரு பெரிய ராஃப்ட் அடித்தளத்தில் எத்தனை ஆயிரம் மூட்டை போகிறது? அத்தனை அடுப்பையும் மண்ணுக்குள் மூட்டி, வாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

தளத்தில் மனக்கணக்காகப் போட ஒரு வாய்ப்பாடு உண்டு. வெப்பம் வெளியேற வழியில்லாத தடித்த கான்கிரீட்டில், ஒரு கனமீட்டருக்குப் போட்ட ஒவ்வொரு 100 கிலோ சிமென்டுக்கும் ஏறக்குறைய 12 டிகிரி சூடு ஏறும். கனமீட்டருக்கு 400 கிலோ போட்டால் 48 டிகிரி. சென்னையில் மே மாதம் பகலில் கலவை லாரியிலிருந்து இறங்கும்போதே 35 டிகிரி இருந்தால், நடுவயிற்றில் 83 டிகிரி. கையை வைத்தால் தோல் உரிந்துவிடும் சூடு! மேல்பரப்போ காற்றுபட்டு, இரவில் 30 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும்.

கல்யாணச் சமையல் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அண்டாவில் வடித்த சோறு ஓரத்தில் ஆறிப்போயிருக்கும். நடுவில் கரண்டி விட்டால் ஆவி முகத்தில் அடிக்கும். கான்கிரீட்டில் இந்த ஓரத்துக்கும் நடுவுக்குமான வித்தியாசமே வினையாகிறது.

தடிமன் கூடக் கூட இந்த வினை எப்படி வளர்கிறது? இரண்டு மடங்கு தடிமன் என்றால் இரண்டு மடங்கு நேரத்தில் ஆறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் ஆற நான்கு மடங்கு காலம் ஆகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஓர் அடி தடிமனுள்ள தளம் ஓரிரு நாளில் ஆறிவிடும். இரண்டு மீட்டர் ராஃப்ட் வாரக்கணக்கில் உள்ளே சூட்டை வைத்திருக்கும். இந்தக் கணக்கை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டியவர்கள். 1933-இல் கான்கிரீட் போடத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் கணக்கிட்டார்கள்: முழு அணையையும் ஒரே பிண்டமாகப் போட்டால் அது ஆறுவதற்கு 125 ஆண்டு ஆகும். அதனால் அணையைத் தனித்தனிப் பாளங்களாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 5 அடி உயரம் என்று போட்டு, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் ஓர் அங்குலக் குழாய்களைப் பதித்து, முதலில் ஆற்றுநீரையும் பிறகு இயந்திரத்தில் குளிரவைத்த நீரையும் ஓடவிட்டார்கள். பதித்த குழாயின் மொத்த நீளம் 582 மைல். வேலை முடிந்ததும் அந்தக் குழாய்களையெல்லாம் சிமென்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டார்கள். கொஞ்சமும் கவிதையில்லாத, முழுக்க முழுக்கக் கணக்கு வேலை அது.

சரி, சூடு ஏறினால் விரிசல் ஏன்? கான்கிரீட் சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். சூடு ஏறும் முதல் நாளில் அது இன்னும் பிஞ்சு. மெத்தென்று இருக்கிறது, விரிவைத் தன்னுள்ளேயே வாங்கிக்கொள்கிறது. உச்சச் சூட்டை அடைவதற்குள் அது கெட்டியாகிவிடுகிறது. அதன் பிறகு ஆறத் தொடங்கும்போது சுருங்கப் பார்க்கிறது. அப்போது யாராவது அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொண்டால்?

எண்ணில் பார்க்கலாம். பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் 40 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் சுருங்கும். அந்த இளம் வயதில், விரிசல் விடாமல் அது தாங்கக்கூடிய இழுப்பு பத்து மீட்டருக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொடுத்து ஒரு பங்கைச் சமாளிக்கும். மீதி எங்கே போகும்? விரிசலாகத்தான் வெளியே வரும்.

பிடித்துக்கொள்பவர் இருவர். ஒருவர் உள்ளேயே இருக்கிறார். ஆறிப்போன மேல்தோலைச் சூடான நடுவயிறு சுருங்கவிடாது. தோலில் கீறல் விழும். பிறகு நடுவயிறு ஆறும்போது தோல் அதைத் தடுக்கும். அப்போது மேல் கீறல் மூடிக்கொள்வதுபோல் தெரியும், உள்ளே பிளக்கும். மேலே கீறல் மறைந்துவிட்டது என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு! அந்த மகிழ்ச்சியை நம்பக் கூடாது. இன்னொருவர் வெளியே இருக்கிறார். ஏற்கெனவே இறுகி ஆறிய அடித்தளத்தின் மேல் ஒரு மாதம் கழித்து நிலத்தடிச் சுவர் எழுப்புகிறார்கள் அல்லவா? புதுச் சுவர் ஆறிச் சுருங்கப் பார்க்கும். பழைய அடித்தளம் அதன் காலைப் பிடித்துக்கொள்ளும். விளைவு, அடியிலிருந்து மேல் நோக்கி, சில மீட்டருக்கு ஒன்றாக, செங்குத்தாக எழும் விரிசல்கள். பல அடுக்குமாடிக் கட்டடங்களின் கார் நிறுத்தும் தளத்தில் மழைக்காலத்தில் சுவரோரம் ஒழுகுவதற்கு இந்த விரிசல்களும் ஒரு காரணம். பழி மட்டும் வாட்டர்புரூஃபிங் செய்தவர் தலையில் விழும்.

விரிசல் எப்போது வந்தது என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். கலவை போட்ட சில மணி நேரத்தில் மேல்பரப்பில் வந்தால் அது காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சியதால் வந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் வந்தால், தடிமனும் கணிசமாக இருந்தால், வெப்ப விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். மாதங்கள் கழித்து வந்தால் அது உலர்ந்து சுருங்கியது. மூன்றுக்கும் மருந்து வேறு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிராமத்தில் நாலு தூண் வைத்து வீடு கட்டுகிறவரும் இதற்காகத் தூக்கம் கெட வேண்டுமா? வேண்டாம். ஒன்றரை அடி தடிமனுள்ள சாதாரணத் தூண் அடித்தளத்தில் சூடு சேர்வதற்கு முன்பே வெளியேறிவிடும். அவர் தண்ணீர் விடுவதை ஒழுங்காகச் செய்தால் போதும். இந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரு மீட்டரும் அதற்கு மேலும் தடிமனுள்ள வேலைகளுக்கு: அடுக்குமாடிகளின் ராஃப்ட், பைல்களின் தலைமேல் அமரும் பைல் கேப், பாலத் தூணின் அடித்தளம், பெரிய இயந்திரங்களின் பீடம். சிமென்ட் அதிகமான கலவை என்றால் இரண்டடித் தடிமனிலேயே கவனம் வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் கீறலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றும் சிலர் கேட்பார்கள். அடித்தளம் நிலத்தடி நீரில் நிற்கிறது. கடற்கரை ஊர்களில் அந்த நீரில் உப்பு இருக்கிறது. விரிசல் வழியே உப்பு கம்பியைத் தொட்டால் துரு தொடங்குகிறது. மண்ணைத் தோண்டிப் பார்க்க யார் போவார்கள்? இன்னொன்றும் உண்டு. உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினால், கான்கிரீட்டுக்குள் தொடக்கத்தில் உருவாக வேண்டிய எட்ரிங்கைட் என்ற படிகம் அப்போது நிலைக்காமல் போய், ஆண்டுகள் கழித்து ஈரம் கிடைத்ததும் உருவாகி உள்ளிருந்தே பிளக்கக்கூடும். 1980-களில் ஐரோப்பாவில், நீராவியில் சூடாக்கிப் பதப்படுத்திய ரயில் ஸ்லீப்பர்கள் இப்படிப் பிளந்ததிலிருந்துதான் உலகம் விழித்துக்கொண்டது. ஆகவே பொறியாளர்கள் இரண்டு எண்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். நடுச்சூடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. நடுவுக்கும் மேல்பரப்புக்கும் வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டக் கூடாது.

இதில் இரண்டாவது எண் கல்லில் பொறித்த சட்டமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூழாங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டை வைத்து வந்த வரம்பு அது. கருங்கல் ஜல்லி சூட்டில் குறைவாகவே விரிவதால் பிரிட்டிஷ் வழிகாட்டிகள் அதற்கு ஏறக்குறைய 28 டிகிரி வரையும், சுண்ணாம்புக்கல்லுக்கு 39 டிகிரி வரையும் இடம் கொடுத்தன. தமிழ்நாட்டில் உடைக்கிற ஜல்லி பெரும்பாலும் கருங்கல் என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி 20-ஐ மறந்துவிடுவதும் சரியில்லை.

இனி, என்ன செய்வது? கவாய்த் தீவுக்குத் திரும்பலாம். மேத்தா அந்த அடித்தளத்தில் ஒரு கனமீட்டருக்குப் போட்ட சிமென்ட் எவ்வளவு தெரியுமா? 106 கிலோ. ஆமாம், நூற்று ஆறு! இரண்டு மூட்டைக்குச் சற்றே மேல். அதோடு 142 கிலோ நிலக்கரிச் சாம்பல், அதாவது அனல் மின்நிலையத்துப் புகைபோக்கியில் பிடிக்கிற ஃபிளை ஆஷ். பிணைக்கும் தூளில் பாதிக்கு மேல் சாம்பல். தண்ணீரோ 100 கிலோதான். பழைய வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: 106 கிலோ சிமென்டுக்கு ஏறும் சூடு 13 டிகிரிக்குள். சாம்பலும் வினைபுரியும், ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெதுவாக. அது விடுகிற சூடு சேர்வதற்குள் வெளியே போய்விடும்.

அடித்தளத்தின் நீளம் 117 அடி, அகலம் 56 அடி, மொத்தத் தடிமன் 4 அடி. அதையும் ஒரே பாளமாக இல்லாமல் இரண்டிரண்டு அடியாக இரண்டு அடுக்காகப் போட்டார்கள். 1999-இல் போடப்பட்ட அந்த அடித்தளத்தில் பிற்பாடு பார்த்தபோதும் விரிசல் தென்படவில்லை என்று மேத்தா தன் கட்டுரையில் பதிவு செய்தார்.

பலம்? எல்லாருடைய மனதிலும் இப்போது ஓடுகிற கேள்வி இதுதான். இரண்டு மூட்டை சிமென்டில் கோயிலைத் தாங்குமா? 28-ஆம் நாளில் கேட்டால் அது பெரிய பலம் காட்டாது. மேத்தா 28-ஆம் நாளில் கேட்கவில்லை. 90-ஆம் நாளில் 20 மெகாபாஸ்கல் இருந்தால் போதும் என்று வைத்தார். ஏன்? கருங்கல் வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, முழுச் சுமை அமர ஆண்டுகள் ஆகும். 28-ஆம் நாளில் அந்தப் பலம் யாருக்கு வேண்டும்?

இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் உயிர். அடித்தளம் என்பது கட்டடத்திலேயே அவசரமில்லாத உறுப்பு. முழுச் சுமை அதன்மேல் வருவதற்கு ஓர் ஆண்டு ஆகும், இரண்டு ஆண்டு ஆகும். அப்படியிருந்தும் அவசரமான சிமென்டை அதில் கொட்டுகிறோம். 53 கிரேடு என்றால் உயர்ந்தது, 33 கிரேடு என்றால் மட்டம் என்று ஒரு நம்பிக்கை தமிழ்நாடெங்கும் வேரூன்றிவிட்டது. 53 கிரேடு பொதுவாக நைசாக அரைத்தது. விரைவில் இறுகும், அதே விரைவில் சூட்டையும் கொட்டும். மாடித் தளத்துக்கு, மெல்லிய தூணுக்கு அது நல்லது. ஐந்தடி ராஃப்டுக்கு அது வினை. 'ஒரு மூட்டை கூடப் போடுங்கள், பலமாக இருக்கட்டும்' என்று வீட்டுக்காரர் பாசத்தோடு சொல்கிற அந்த ஒரு மூட்டை, தடித்த அடித்தளத்தில் பலத்தைக் கூட்டுவதைவிடச் சூட்டைக் கூட்டுகிறது.

இதைச் சொல்ல ஹவாய்க்குப் போக வேண்டியதுகூட இல்லை. இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது இருக்கிறது. சாம்பலும் இரும்பு உருக்காலைக் கசடும் நீங்கலாக, கனமீட்டருக்கு 450 கிலோவுக்கு மேல் சிமென்ட் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமென்றால் விரிசல் ஆபத்தை வடிவமைப்பிலேயே தனியாகக் கவனியுங்கள் என்கிறது. தொடக்கநிலை வெப்ப விரிசலை அந்த இடத்தில் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கடையில் விற்கும் பி.பி.சி. மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் ஏற்கெனவே கலந்திருக்கிறது. இரும்பு உருக்காலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. சிமென்டில் 70 விழுக்காடு வரை கசடு இருக்கலாம். மேட்டூரிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் அனல் மின்நிலையங்களை வைத்துக்கொண்டு, சாம்பலைக் கலப்படம் என்று நினைத்து முகம் சுளிக்கிற ஊர் நம்முடையது! தடித்த அடித்தளத்தில் அது மருந்து. ஜல்லியிலும் ஒரு வழி இருக்கிறது. கம்பி நெருக்கம் இடம் கொடுத்தால் 20 மில்லிமீட்டருக்குப் பதில் 40 மில்லிமீட்டர் ஜல்லி போடலாம். இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பு குறையும், சூடும் குறையும்.

அடுத்தது, கலவை இறங்கும்போதே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தொடங்கும் எண்ணில் பத்து டிகிரி குறைத்தால் உச்சத்திலும் ஏறக்குறைய பத்து குறையும். இதற்கு ஆகச் சிறந்த பொருள் ஐஸ். ஒரு கனமீட்டர் கலவையில் தண்ணீரின் ஒரு பங்குக்குப் பதிலாக 50 கிலோ ஐஸ் சீவலைப் போட்டால், அது உருகுவதிலேயே கலவையை ஏழு டிகிரி இறக்கிவிடும். உருகிய குளிர்நீர் இன்னும் இரண்டு டிகிரியைப் பிடுங்கும். ஆனால் போட்ட ஐஸ் அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க மறந்தால் கதை கெட்டது. ஜல்லிக் குவியலுக்குக் கூரை போட்டுத் தண்ணீர் தெளிப்பதும், மாலை மங்கிய பிறகு கலவை போடத் தொடங்குவதும் செலவில்லாத வழிகள். கலவையில் பாதிக்கு மேல் ஜல்லியும் மணலும்தான். அவை வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரை மட்டும் குளிர்விப்பதில் பெரிய பயன் இல்லை.

இப்போது பலரும் தடுமாறுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். அடித்தளம் போட்டாயிற்று. உள்ளே கொதிக்கிறது. என்ன செய்யத் தோன்றும்? குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது! தோலைக் குளிர்வித்தால் தோலுக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கூடும். 20 டிகிரி எல்லை அரை மணியில் தாண்டிப்போகும். சூடான அடித்தளத்துக்குப் போர்வை போர்த்த வேண்டும்.

கேட்கும்போது தலைகீழாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகமெங்கும் தடித்த அடித்தளங்களில் நடப்பது இதுதான். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தெர்மோகோல் அட்டையோ இரண்டு மூன்று அடுக்குச் சாக்கோ, அதன்மேல் காற்று புகாமல் தார்ப்பாய். மேல்பரப்பும் சேர்ந்து சூடாக இருக்கும். முழுப் பிண்டமும் ஒன்றாக, மெதுவாக ஆறும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிற நம் ஊர் வழக்கமும் இதற்கு ஒத்துவரும். நின்ற தண்ணீர் கான்கிரீட்டின் சூட்டிலேயே வெதுவெதுப்பாகி ஒரு போர்வையாக இருக்கும். மாலையில் அதை வடித்துவிட்டுப் போர்வெல் தண்ணீரைப் புதிதாகப் பாய்ச்சுகிறபோதுதான் கேடு வருகிறது. பக்கப் பலகைகளுக்கும் இதே நியாயம். இரண்டாம் நாள் மாலை, உள்ளே உச்சச் சூடு இருக்கும் நேரத்தில், அடுத்த தளத்துக்கு வேண்டும் என்று சென்ட்ரிங் தகட்டை அவிழ்த்துக்கொண்டு போவது, ஒரு சூடான உடம்பை வாடைக்காற்றில் நிறுத்துவது. இரும்புத் தகடு சூட்டை உடனே வெளியே விடும். பிளைவுட் பலகை ஓரளவு காக்கும்.

போர்வையை எப்போது எடுப்பது? அதை ஊகத்தில் செய்யக் கூடாது. கலவை போடும் முன்பே நடுவில் ஒன்று, மேல்பரப்புக்கு 50 மில்லிமீட்டர் கீழே ஒன்று, அடியில் ஒன்று என்று சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளைக் கட்டிவிட வேண்டும். ராஃப்டில் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இரவுக் காவலரே மணிக்கொருமுறை படித்து நோட்டில் எழுதலாம். நடுச்சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குள் வந்த பிறகு, ஒரு நாளைக்கு ஓர் அடுக்காக எடுக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் ஈரம் காப்பது பத்து நாளுக்குக் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456-இன் விதி, 14 நாள் என்பது அதன் பரிந்துரை.

போர்வைக்கு ஓர் எல்லையும் உண்டு. அடித்தளத்தின் மேல் எழும் சுவரைப் போர்த்தினால் அதன் உச்சச் சூடு இன்னும் ஏறும். காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அடித்தளத்தோடு அதன் சண்டை கூடும். அங்கே தேவை வேறு: அடித்தளம் போட்டதற்கும் சுவர் எழுப்புவதற்கும் இடைவெளியைக் குறைப்பது, நீண்ட சுவரைத் துண்டுகளாகப் போடுவது, கிடைக்கம்பியை நெருக்கமாக வைப்பது. கம்பி விரிசலைத் தடுக்காது. ஒரு பெரிய விரிசலைப் பத்து மெல்லிய கீறல்களாகப் பங்கிட்டுத் தரும். தண்ணீர்த் தொட்டிகளில் அனுமதிக்கும் 0.2 மில்லிமீட்டருக்குள் அவை நின்றுவிட்டால் ஒழுக்கு பெரும்பாலும் தானே அடைபடும்.

இன்னும் தடித்த வேலை என்றால்? லாஸ் ஏஞ்சலிஸில் வில்ஷயர் கிராண்ட் கோபுரத்தின் அடித்தளம் 17.5 அடி தடிமன். 2014 பிப்ரவரி 15-ஆம் தேதி தொடங்கி, 18 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் 21,200 கனகஜம் கான்கிரீட் ஊற்றி கின்னஸ் சாதனை படைத்தார்கள். செய்தித்தாள்கள் லாரிகளைத்தான் எண்ணின. உண்மையான வேலை அதன் பிறகு தொடங்கியது. உள்ளே பதித்த குழாய்களில் குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தது. துபாயின் புர்ஜ் கலீஃபாவிலோ சாதனை வேட்டையே இல்லை. 3.7 மீட்டர் தடிமனும் 12,500 கனமீட்டரும் கொண்ட ராஃப்டை, மூன்று இறக்கைகளும் ஒரு நடுப்பகுதியுமாக நான்கு தவணையில் போட்டார்கள். கம்பி வலையில் பத்துக்கு ஒரு கம்பியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஆள் இறங்கவும் கலவை போடவும் வழி வைத்தார்கள். உலகின் உயரமான கட்டடத்தைத் தாங்குகிற அடித்தளத்துக்கே நான்கு தவணை இழிவில்லை என்றால், பத்து மாடிக்கு ஒரே இரவில் முடித்தோம் என்று நம்மவர்கள் மார்தட்டிக்கொள்வது எதற்கு?

பெரியோர்களே, சூட்டைக் குறைக்க இத்தனை வழி இருந்தும், ஐஸ் ஆலையும் குளிர்நீர்க் குழாயும் ஏழை வேலைக்கு எட்டாது. சிமென்டைக் குறைத்துச் சாம்பலைக் கூட்டுவது எல்லாருக்கும் எட்டும், செலவும் மிச்சமாகும். அதற்கு விலையாகக் கேட்பது காத்திருப்பதை மட்டும். வடிவமைப்பாளர்கள் வரைபடத்தில் '28 நாள்' என்று அச்சுப்போல எழுதுவதை நிறுத்தி, தடித்த அடித்தளத்துக்கு '56 நாள்' என்றோ '90 நாள்' என்றோ எழுதத் துணிந்தால், ரெடிமிக்ஸ் ஆலைக்காரர் கலவையை மாற்றித் தருவார். அவர் கையைக் கட்டிப் போட்டிருப்பது அந்த 28 தான்.

அடுத்த முறை ஒரு ராஃப்டுக்கோ பைல் கேப்புக்கோ ரெடிமிக்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது மூன்று எண்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கனமீட்டருக்குச் சிமென்ட் எத்தனை கிலோ, சாம்பலோ கசடோ எத்தனை கிலோ, லாரியிலிருந்து இறங்கும்போது கலவை எத்தனை டிகிரி. மூன்றாவது எண்ணை மட்டும் யார் சொன்னாலும் நம்பாமல், தெர்மாமீட்டரை விட்டு நீங்களே பாருங்கள்.